கருவாடர்மேனும் பொங்கரேனியனும்

“நிறுத்துண்ணே! வண்டிய நிறுத்துண்ணே!”

வினோதினி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தூக்கிப் பிடித்த புடவைக் கொசுவம். இன்னொரு கையில், சூடு பண்ணிக்கொண்டிருந்த கறிக்குழம்பைக் கிண்டிய இரும்புக் கரண்டி. அதைக் கீழே வைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. காணும் பொங்கலுக்காகக் காட்டேரிக்குப்பத்துத் தெருவில் போட்டிருந்த கோலங்களில் பாதி அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது.

முன்னால் ஒரு பழைய மொபெட் புகை கக்கிக்கொண்டு போனது. ஓட்டியவர் கருவாட்டு வியாபாரி கமலக்கண்ணன். பின்னால் கட்டியிருந்த நீல நிற பிளாஸ்டிக் கூடையில், வழக்கமாக நெத்திலியும் வாளையும் உட்காரும் இடத்தில், ஒரு நாய் உட்கார்ந்திருந்தது.

பழுப்பு நாய். இடது காது நுனி கிழிந்த நாய். தன்னைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்ற கவலை அதன் முகத்தில் துளியும் இல்லை. காற்றுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு, துரத்தி வருகிறவளைப் பார்த்து வாலை ஆட்டியது.

“சூப்பர்வைசர்! குதிடா! குதிச்சி வாடா!”

சூப்பர்வைசர் குதிக்கவில்லை. குனிந்து கூடையின் மூலையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்னும் ஒரு திருப்பம். அது தாண்டினால் மெயின் ரோடு. மெயின் ரோட்டில் ஏறிவிட்டால் வில்லியனூர். வில்லியனூரில் கமலக்கண்ணனின் கருவாட்டு குடோன். குடோன் வாசலில் ஒரு சங்கிலி தயாராகத் தொங்குகிறது என்று காலையிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

வினோதினிக்கு மூச்சு வாங்கியது. கால் தடுக்கியது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்த நேரத்தில் மொபெட் கிறீச்சிட்டு நின்றது.

குறுக்கே கயிறு.

ஸ்லோ சைக்கிள் ரேஸுக்காக இளைஞர் மன்றத்தார் ரோட்டின் குறுக்கே கட்டியிருந்த கயிறு. அதற்குப் பின்னால் மைக்கும் கையுமாக நின்றிருந்தான் மன்றத்தின் செயலாளர் ராஜேஷ்குமார். திருபுவனையில் செல்போன் கடை வைத்திருப்பவன். மைக் கிடைத்தால் சாப்பாடு கூட வேண்டாம் என்பவன்.

“பொதுமக்களே! நம்ம ஊர் வரலாற்றுல மொத தடவையா ஒரு நாய்க் கடத்தல்! கடத்துன வண்டி கையும் களவுமா மாட்டினிச்சு! இன்னாண்ணே இது?”

“டேய், மைக்க அணைடா மொதல்ல” என்றார் கமலக்கண்ணன். “என் நாய நான் கூட்டினு போறேன். இதுல கடத்தல் எங்கருந்து வந்துச்சு?”

“உன் நாயா?” வினோதினி வந்து சேர்ந்திருந்தாள். கரண்டி அவர் மூக்குக்கு நேராக நின்றது. “என் நாயிண்ணே அது!”

கூட்டம் கூடிவிட்டது. சைக்கிள் ரேஸை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வினோதினிக்கு அந்த நாய் ஏன் முக்கியம் என்பது ஊருக்கே தெரியும்.

திருபுவனை தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. போன வருஷம் அவளை முதல் ஷிப்ட்டில் லைன் லீடர் ஆக்கினார்கள். அந்த வரிசையில் ஒரு மெஷின் நின்றால், முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதல் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, விடியும் முன்னே மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். நடுவில் தண்ணீர் டேங்க். டேங்க் அடியில் ஒரு நாய்க்கூட்டம். ஊரில் பாதிப் பேரின் கெண்டைக்காலில் அந்தக் கூட்டத்தின் பல் தடம் உண்டு. புருஷன் மணவாளனோ, பொங்கலுக்கும் லீவு கிடைக்காத நைட் ஷிப்ட் செக்யூரிட்டி. துணைக்கு வர ஆள் இல்லை.

“இருட்டுல தனியாப் போவியா? வேலையே வேணாம், வுட்டுடு” என்று மாமியார் வள்ளியம்மாள் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் இந்தப் பழுப்பு நாய் வந்தது. தினமும் விடியலில் வாசலில் காத்திருந்து அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தது. ஒரு நாள் பிந்தினாலும் கதவருகே நின்று குரைத்தது. அதனால்தான் சூப்பர்வைசர் என்று பெயர். டேங்க் நாய்களை ஒண்டியாகத் துரத்தியடித்த கதையை வினோதினி வீட்டில் சொன்னாள். காது கிழிந்தது அந்தச் சண்டையில் என்றாள். வள்ளியம்மாள் மனம் இளகியது. நாய் இருக்கும் வரை முதல் ஷிப்ட். நாய் இல்லையென்றால் வேலை இல்லை. அதுதான் வீட்டில் ஒப்பந்தம். கதை தெருவைத் தாண்டி ஊரைச் சுற்றி, கடைசியில் கமலக்கண்ணன் காதிலும் விழுந்ததுதான் வினை.

“இந்தா பாரும்மா தங்கச்சி” என்றார் அவர். “குடோன்ல பூனைத் தொல்லை தாங்கல. எனக்கு வீரமான நாயி வேணும். இத வுட்டா இந்தச் சுத்துவட்டாரத்துல வீரமான நாயி எங்க கீது? அதுவும் இல்லாம தினம் மத்தியானம் நான் பஸ் ஸ்டாப்பாண்ட வரும்போது, அதுவாத்தான் வண்டில ஏறி உக்காருது. கருவாட்டுத் தலையப் போடுறேன், தின்னுனே ஊருக்குள்ள வருது. சோறு போடுறவன் தானே சொந்தக்காரன்? நீ இன்னா போடுற, சொல்லு?”

வினோதினி கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“அதெல்லாம்... போடுறேன்.”

“இன்னா போடுற?”

“நிறுத்துங்க!” ராஜேஷ்குமாரின் முகம் பளிச்சென்று ஆனது. “எதுக்கு சண்டை? நம்மகிட்டதான் போட்டி கீதே!”

போன வருஷக் காணும் பொங்கலுக்கு மன்றம் நாய்ப் போட்டி வைத்தது. புதுச்சேரியிலிருந்து விருந்தாளியாக வந்த ஒருவர் தன் லாப்ரடாரைக் காரிலிருந்து இறக்கி, எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போனார். ஊர் நாய்கள் அவமானப்பட்டன. ஊர்க்காரர்கள் அதைவிட அதிகமாக அவமானப்பட்டார்கள். அதனால் இந்த வருஷம் புது விதி. நாட்டு நாய்கள் மட்டும். ஜாதிப் பெயர் இல்லையே என்ற குறை வேண்டாம்; வீட்டில் எதைத் தின்கிறதோ அந்தப் பெயரோடு ஒரு வெளிநாட்டு நாய் ஜாதியின் பெயரைச் சேர்த்து அவரவரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாய் அதை நிரூபிக்க வேண்டும். மைதானத்தின் ஒரு முனையில் தட்டு. மறுமுனையில் நாய். கூப்பிடக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது. நாய் தானாக வந்து, தன் பெயரில் இருக்கும் சாப்பாட்டைத் தின்ன வேண்டும்.

“ரெண்டு பேரும் தட்டு வைங்க” என்றான் ராஜேஷ்குமார். “சூப்பர்வைசர் எந்தத் தட்டுல வாய வைக்குதோ அந்த வூட்டு நாயி. ஊர் முன்னாடி முடிவு. சம்மதமா?”

கமலக்கண்ணன் சிரித்தார். “எழுதிக்கோ. என் நாயி, கருவாடர்மேன்!”

கூட்டம் கை தட்டியது.

“தங்கச்சி, உன்னுது?”

வினோதினி சுற்றிலும் பார்த்தாள். மாமியார் வள்ளியம்மாள் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்தபடி வந்துகொண்டிருந்தாள். எல்லார் வீட்டு வாசலிலும் பொங்கல் பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

“பொங்கல்” என்றாள். “பொங்கரேனியன்.”

“அப்பிடிப் போடு!”

வள்ளியம்மாள் வீட்டிற்குப் போய் மீந்திருந்த சர்க்கரைப் பொங்கலை வழித்துக்கொண்டு வந்தாள். தட்டை மருமகள் கையில் கொடுக்கும்போது, “ஏண்டி, அதுக்குப் பொங்கல் போடுறத நான் ஒரு நாளும் பாக்கலயே?” என்றாள்.

“நீங்க தூங்கும்போது அத்தே.”

“டிபன் கேரியர் ஏன் இப்பிடி நசுங்கிப் போயி கீதுன்னு கேட்டா பஸ்ல கூட்டம்ங்கற. இதக் கேட்டா தூங்கும்போதுங்கற. எனக்கு ஒண்ணும் புரியல. நாயி போச்சுன்னா மொத ஷிப்டும் போச்சு, அத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ.”

போட்டி ஆரம்பமானது.

முதலில் இட்லிக் கடை வசந்தாவின் நாய். மைக் அலறியது.

“இதோ களத்துல எறங்குது, இட்லிஷ் புல்டாக்! காலைல நாலு, சாயங்காலம் நாலு, சட்னி தனி! வா ராஜா வா!”

இட்லிஷ் புல்டாக் அசைந்து அசைந்து வந்தது. தட்டைப் பார்த்தது. மோந்தது. பிறகு தட்டிலிருந்த இட்லியின் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

“ஆஹா! வசந்தாக்கா இட்லி தலையணைக்கும் ஆவுது!”

“டேய்! நாளைக்குக் காலைல கடைக்கு வருவல்ல, அப்ப வெச்சிக்கறேன்டா உன்ன!”

அடுத்தது பரோட்டா மாஸ்டர் அருள்தாஸின் ரொட்டிவீலர். கம்பீரமாக ஓடி வந்தது. பரோட்டாவைக் கவ்வியது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். அது அப்படியே மைதானத்து ஓரத்துக்குப் போய், பள்ளம் தோண்டி, பரோட்டாவைப் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது.

“மாஸ்டர், உங்க பரோட்டாவ அடக்கம் பண்ணிட்டாங்க!”

காலேஜில் படிக்கும் சிந்துவின் லட்டுரடார், லட்டைப் பார்த்ததும் தும்மியது. பூந்தி சிதறியது. “என் டார்லிங்குக்கு ஜலதோஷம்” என்று சிந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள். தெய்வசிகாமணி என்ற பெரியவர் தலைவாழை இலை போட்டு, கூட்டு பொரியல் அப்பளத்தோடு பரிமாறி வைத்திருந்தார். அவருடைய நாயின் பெயர் ஜெர்மன் சாப்பாடு. அது இலையை ஒரு சுற்று சுற்றி வந்து பக்கத்தில் மல்லாந்து படுத்தது.

“சாப்பாடு ரெடி! ஜெர்மன்தான் ரெடி இல்ல!”

ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வினோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசரைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா இப்பிடி அமுக்கிப் புடிச்சினு கீற?” என்றாள் வசந்தா.

“வுட்டா மத்த நாயிங்க மேல பாஞ்சிடும்க்கா. அப்பறம் ரத்தக்களறி ஆயிடும்.”

கமலக்கண்ணன் அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினார். அப்படிப்பட்ட நாய்தான் அவருக்கு வேண்டும்.

அவர்கள் முறை வந்தது.

ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல். ஒரு தட்டில் வறுத்த வாளைக் கருவாடு. அதன் வாசனை மைதானத்தையே தூக்கியது. தட்டுகளுக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். மறுமுனையில் ராஜேஷ்குமார் நாயைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

சூப்பர்வைசர் நடந்தது.

பாதி தூரம் வந்தது. மூக்கைத் தூக்கியது. கருவாட்டுப் பக்கம் ஒரு அடி வைத்தது.

வினோதினி கரண்டியின் காம்பை நெரித்தாள். முதல் ஷிப்ட், லைன் லீடர், நின்றுபோன மெஷினின் பக்கத்தில் தன் பெயரைக் கூப்பிடும் குரல், எல்லாம் அந்த நான்கு கால்களின் மேல் நின்றது.

நாய் பொங்கல் பக்கம் ஒரு அடி வைத்தது.

பிறகு நடுவில் உட்கார்ந்தது. காதைச் சொறிந்தது. ஊரே பார்க்க ஒரு கொட்டாவி விட்டது.

வசந்தாதான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள்.

“டேய் ராஜேஷு! இன்னிக்கு இன்னா நாளுடா?”

“காணும் பொங்கல்.”

“காணும் பொங்கலுக்கு நம்மூர்ல எல்லார் வூட்லயும் இன்னா குழம்பு?”

ராஜேஷ்குமார் மைக்கை மெதுவாக இறக்கினான்.

ஆட்டுக்கறி. ஊர் முழுக்க ஆட்டுக்கறி. காலையிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் எலும்பு விழுந்தபடி இருந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், வருஷத்திலேயே நாய்களின் வயிறு முட்டியிருக்கும் ஒரே நாளைப் பார்த்து, நாய்களுக்குச் சாப்பாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள்.

“அடப்பாவிங்களா” என்றார் தெய்வசிகாமணி. “காலைல என் வூட்ல மட்டும் முழுசா ஒரு தொடை எலும்பு தின்னுச்சே இந்த சூப்பர்வைசரு!”

“அப்ப எங்க தகராறு இன்னாவுறது?” என்றார் கமலக்கண்ணன் எரிச்சலோடு. “சாப்பாடு வேணாம். நான் வண்டிய ஸ்டார்ட் பண்றேன். கூப்பிட மாட்டேன். தானா ஏறுச்சுன்னா என்னுது.”

“நான் பஸ் ஸ்டாப் பக்கமா நடக்குறேன்” என்றாள் வினோதினி உடனே. “நானும் கூப்பிட மாட்டேன். பின்னாடி வந்துச்சுன்னா என்னுது.”

ராஜேஷ்குமார் இருவரையும் பார்த்தான். தலையசைத்தான்.

மொபெட் உறுமியது. சூப்பர்வைசரின் காதுகள் நிமிர்ந்தன. அது எழுந்தது. நேராக வண்டியிடம் போனது. முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி நீலக் கூடையின் விளிம்பில் வைத்தது.

“அவ்ளோதான்! முடிஞ்சிது!” கமலக்கண்ணன் கூவினார். வள்ளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வினோதினி திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெயில் சாய்ந்த ரோட்டில், கம்பெனிக்குப் போகும் அதே வேகத்தில் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் மொபெட் சத்தம் மட்டும் கேட்டது. பத்தடி. இன்னும் கொஞ்சம். வாய்க்கால் கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவர் வந்துவிட்டது.

பின்னால் கூட்டம் “ஹே!” என்றது.

அவள் முழங்காலில் ஈர மூக்கு ஒன்று இடித்தது.

“பொங்கரேனியன் வின்னர்!” மைக் பிளிறியது. “பொங்கலத் தொடாத பொங்கரேனியன் வின்னர்!”

கமலக்கண்ணன் வண்டியை அணைத்தார். “சரி போ தங்கச்சி. வீரமானது வீரமானவங்க பின்னாடிதான் போவும் போல” என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்து தெய்வசிகாமணி அருகில் வந்தார். “என் ஜெர்மன் சாப்பாட்ட எடுத்துனு போறியா? பூனையக் கண்டா வுடாது. படுத்துனே குரைக்கும், அது ஒண்ணுதான் கொறை.” சற்று நேரத்தில் ஜெர்மன் சாப்பாடு நீலக் கூடையில் ஏறியது. அப்பளத்தையும் கூடவே வைத்துக் கொடுத்தார்கள்.

வள்ளியம்மாள் கல்வெர்ட் வரை ஓடி வந்து நாயின் தலையைத் தடவினாள். “என் கொலசாமி நீ. வினோ, இன்னிக்கு இதுக்கு நம்ம செலவுல மெயின் ரோட்டு பாய் டீக்கடைல பொறை ரொட்டி வாங்கிப் போட்டுக் கூட்டினு வா. அது கூட இருந்தா எனக்குப் பயமே இல்ல.”

“சரி அத்தே.”

கூட்டம் சைக்கிள் ரேஸுக்குத் திரும்பியது. வினோதினியும் நாயும் கல்வெர்ட்டைத் தாண்டி, ரோடு திரும்பும் இடத்தில் திரும்பினார்கள். ஊர் மறைந்தது. தண்ணீர் டேங்க் தெரிந்தது.

டேங்க் அடியில் நிழல் அசைந்தது. ஒன்று எழுந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு மொத்தக் கூட்டமும் உறுமிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. இவற்றுக்கு மட்டும் இன்று எலும்பு போட யாரும் வந்திருக்கவில்லை.

வினோதினி நின்றாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் அங்கே இல்லை.

அது அவளுக்குப் பின்னால் இருந்தது. வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, புடவைக்குள் தலையை விட்டு, கால் முதல் காது வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆரம்பிச்சிட்டியா?” என்றாள் வினோதினி.

கரண்டியை ஓங்கி டேங்க்கின் இரும்புக் குழாயில் அடித்தாள். டணார் என்று எழுந்த சத்தத்தில் புறாக்கள் பறந்தன. இரண்டாவது அடி. “போ! போறீங்களா, கிட்ட வரட்டுமா?” நேராக நாய்க்கூட்டத்துக்குள் நடந்தாள். அவளை நன்றாகத் தெரிந்த அந்தக் கூட்டம் இரண்டாகப் பிளந்து, பொட்டலுக்குள் இறங்கி ஓடியது.

மெயின் ரோட்டில் தன் டீக்கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷேக் ஃபரீத் பாய் பொறை ஜாடியைத் திறந்தார்.

“இன்னாம்மா, இன்னிக்கு கரண்டியா? டிபன் கேரியர் தப்பிச்சிது.”

பொறை காற்றில் பறந்தது. நடுங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அம்பு போலப் பாய்ந்து அதைக் கவ்வியது. வயிறு முட்டியிருந்தாலும் இதற்கு மட்டும் அதன் வயிற்றில் இடம் இருந்தது. போட்டிக் கதையைக் கேட்டு ஃபரீத் இருமும் வரை சிரித்தார்.

“பொங்கரேனியனாவது கருவாடர்மேனாவது! இது பொறைமரேனியன்மா. இந்த ஒரு பொறைக்காக உன் பின்னாடியே ஒளிஞ்சினு வருது. பயந்துனு என் பெஞ்சு அடில கெடந்து, மத்தியானம் அந்தக் கருவாட்டுக்காரர் வண்டில தொத்தினு வூடு போவுது. மொத நாளு அதுங்களப் பாத்துட்டு ஓடியாந்து என் தகரத் தட்டியில காதக் கிழிச்சிக்கினது எனக்குத் தெரியும். உங்க வூட்டுக்கு எப்பதான் சொல்லப் போற?”

“சொல்லிப் பாத்தேன் பாய். எனக்குப் பயம் இல்லன்னு ஆறு மாசம் சொன்னேன், ஒருத்தரும் நம்பல. நாய்க்குப் பயம் இல்லன்னு ஒரே நாள்தான் சொன்னேன். ஊரே நம்பிடுச்சி.”

சூப்பர்வைசர் பொறையை முடித்துவிட்டு வந்தது. டேங்க் இருந்த திசையை ஒருமுறை பார்த்தது. பிறகு அவள் காலடியில் ஒட்டி உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தது.

வினோதினி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“வாங்க சார். வூட்ல கொண்டுபோயி வுடுறேன்.”